முன்வாசலில் பூட்டு, பில்லில் பத்தாயிரம்: மின்குறை தீர்ப்பாளரிடம் போவது எப்படி?

மனு மேசை: வாசகர் கேள்வி பதில்

தேவகோட்டையில் மர நிழலில் மேசை போட்டு முப்பத்தொரு வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எழுதிய கை இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஆம்புட்ஸ்மேன்’, அதாவது குறைதீர்ப்பாளர், என்ற சொல் இருந்தது. அதனால் இந்த முறை அதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் ஐயா கட்டிய வீடு இருக்கிறது. ஆறு பங்காளிக்குப் பொது. நாங்கள் எல்லாரும் வெளியூர். போன வருடம் பின்கட்டில் காவலுக்கு ஒரு குடும்பத்தைக் குடிவைத்தோம். எப்போதும் கரண்டு பில் பூஜ்யம்தான் வரும். இந்த முறை பத்தாயிரத்துச் சொச்சம் வந்திருக்கிறது. ஆபீசில் போய்க் கேட்டால் “ரீடிங் சரியாத்தான் இருக்கு, கட்டிருங்க” என்கிறார்கள். ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்று சிங்கப்பூரிலிருந்து மகன் சொல்கிறான். அவரை எப்படிப் பிடிப்பது? இணைப்பு இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது. மீட்டர் அட்டையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம் என்கிற ஓர் ஆச்சி, சென்னை)

பதில்: ஆச்சி, நீங்கள் அட்டை நகலை அனுப்பியதே பாதி வேலை முடிந்த மாதிரி. கடிதத்தை விட அந்த அட்டைதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது.

அட்டையில் ‘பூட்டு’ என்று எழுத ஆரம்பிப்பதற்கு முந்தைய மூன்று வரிகளைப் பாருங்கள். 74 யூனிட், 81 யூனிட், 69 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மூன்றுக்கும் தொகை பூஜ்யம். கடைசியாக எடுத்த அளவு 6,418. அதற்குக் கீழே அடுத்தடுத்து ஐந்து வரிகளில் அளவுக்குப் பதிலாக ‘பூட்டு’ என்று எழுதி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆறாவது வரியில் 7,678. கழித்தால் 1,260 யூனிட்.

நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஓடுகிறவை. உங்கள் மீட்டர் முகப்புக்கு உள்ளே இருக்கிறது, சாவி சென்னையில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் முன்தெருவில் பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பின்தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு அவர் வந்ததே தெரியாது. அந்த ஐந்து முறையும் பழைய சராசரியை வைத்துப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். ஆறாவது முறை யாரோ கதவைத் திறந்திருந்த நேரத்தில் உண்மையான அளவை எடுத்து, ஒரு வருடத்து மின்சாரம் முழுவதையும் இரண்டு மாதத்தில் எரித்த மாதிரி கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பிழை இங்கேதான். 1,260 யூனிட்டை ஆறு முறைக்குப் பிரித்தால் முறைக்கு 210 யூனிட். ஒவ்வொரு முறையும் 100 யூனிட் கழியும், மிச்சம் கீழ்ப்படிக் கட்டணத்தில் வரும். ஒரே பில்லில் சேர்த்தால் 100 யூனிட் கழிவு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கட்டண அட்டவணையே மாறி, யூனிட்டுக்கு யூனிட் விலை ஏறிவிடும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிரித்துக் கணக்கிட்டால் மொத்தம் இரண்டாயிரத்துக்குள் அடங்க வேண்டிய தொகை இது.

அதனால் ஆச்சி, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய மனு மாதிரியில் “வீடு பூட்டியே கிடந்தது, நாங்கள் மின்சாரமே பயன்படுத்தவில்லை, மீட்டர் பழுது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். பின்கட்டில் ஒரு குடும்பம் இருந்தது, விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. மீட்டர் பழுது என்று எழுதினால் மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புவார்கள், சரியாக இருக்கிறது என்று வரும், உங்கள் மனு அத்தோடு படுத்துவிடும். உண்மையை எழுதினால் நியாயம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. இப்படி எழுதுங்கள்:

“மேற்கண்ட இணைப்பில் தொடர்ந்து ஐந்து கணக்கெடுப்புகளில் வீடு பூட்டியிருந்ததாக அட்டையில் குறிக்கப்பட்டுள்ளது. ஆறாவது கணக்கெடுப்பில் பதிவான 1,260 யூனிட்டும் ஒரே இருமாதக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. இது ஆறு இருமாதங்களில் பயன்படுத்திய மின்சாரம். எனவே இதை ஆறு கணக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கழிவுடன் கட்டணத்தைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டை நகல் இணைப்பு.”

இவ்வளவு போதும். ஐயா எந்த வருடம் வீடு கட்டினார், ஆபீசில் யார் முகம் கொடுக்காமல் பேசினார் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு மனுவில் ஒரு குறை, ஒரு கோரிக்கை.

இனி யாரிடம் போவது என்று பார்ப்போம். உங்கள் மகன் சொன்ன ஆம்புட்ஸ்மேனுக்குத் தமிழில் மின்குறை தீர்ப்பாளர் என்று பெயர். கிண்டியில் இருக்கிறார். ஆனால் நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மூன்றாவது வாசல்.

முதல் வாசல் உங்கள் பிரிவு அலுவலகத்து உதவி மின் பொறியாளர். மேலே சொன்ன மனுவை அவருக்கு எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலும் புகாரைப் பதிந்து, அவர்கள் சொல்லும் புகார் எண்ணை அந்த நகலின் மேலேயே எழுதி வையுங்கள். பல பேருக்கு இந்த இடத்திலேயே பில் திருந்திவிடுகிறது.

திருந்தாவிட்டால் இரண்டாவது வாசல், மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, ஐந்தாம் உட்பிரிவின்படி அமைந்தது. மின் பகிர்மான வட்டத்துக்கு ஒன்று உண்டு. செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. உங்கள் கானாடுகாத்தான் பக்கத்துக்குச் சிவகங்கை. ராயவரம், அரிமளம் பக்கத்து வாசகர்கள் புதுக்கோட்டைக்கு எழுத வேண்டும். காரைக்குடிதான் பக்கம் என்று அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் பில்லில் எந்த வட்டம் என்று பாருங்கள்.

மன்றம் உங்களையும் அலுவலகத்தையும் வைத்துக் கேட்டு, எழுத்தில் ஆணை தரும். அந்த ஆணையில் நியாயம் கிடைக்கவில்லை, அல்லது மன்றம் முடிவே சொல்லாமல் இழுத்தடிக்கிறது என்றால் அப்போதுதான் மின்குறை தீர்ப்பாளர். அதே 42ஆவது பிரிவின் ஆறாம் உட்பிரிவு ‘குறை தீராதவர்’ அவரிடம் முறையிடலாம் என்கிறது. முகவரி: மின்குறை தீர்ப்பாளர், 4ஆவது தளம், சிட்கோ கார்ப்பரேட் அலுவலகக் கட்டடம், திரு.வி.க. தொழிற்பேட்டை, கிண்டி, சென்னை 600 032. ஆணை கைக்கு வந்தபின் ஆறப்போடாதீர்கள். முப்பது நாள் ஆவதற்குள் மனு கிண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மன்றத்துக்குக் கொடுத்த மனு, மன்றத்தின் ஆணை, அட்டை நகல், முத்திரை வாங்கிய முதல் மனு எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

அதுவரை இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதே சட்டத்தின் 56ஆவது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டிப்பதற்கு முன் பதினைந்து நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். கேட்ட தொகையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகையோ, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டால், வழக்கு முடியும் வரை துண்டிக்கக் கூடாது. உங்கள் முந்தைய சராசரி பூஜ்யமாக இருந்தாலும், பிரித்துக் கணக்கிட்டு வரும் தொகையைக் கட்ட முன்வருவதுதான் நல்லது என்பது என் கருத்து. பயன்படுத்தியதற்குக் கொடுக்க மறுக்கவில்லை என்று மன்றத்துக்கும் தெரியும். பணம் வாங்கும் கவுன்டரில் பாதித் தொகையைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். உதவி மின் பொறியாளருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டு, அந்தக் கடிதத்திலும் முத்திரை வாங்குங்கள்.

இணைப்பு ஐயா பெயரில் இருப்பதால் அவருடைய இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணையுங்கள். மற்ற ஐந்து பங்காளிகளும் “எங்கள் சார்பில் இவர் பேசலாம்” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நல்லது. பெயர் மாற்றத்தையும் இந்தச் சாக்கில் முடித்துவிடுங்கள். அப்புறம், முகப்புச் சாவி ஒன்றைப் பின்கட்டுக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள் ஆச்சி. இல்லாவிட்டால் அடுத்த வருடமும் இதே கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: மன்றத்துக்குத் தலைவரே மின்துறையின் மேற்பார்வைப் பொறியாளர்தானாமே? அவர்களுடைய தவறை அவர்களே விசாரித்தால் என்ன நியாயம் கிடைக்கும்? நேரத்தை வீணாக்காமல் நேராகக் கிண்டிக்குப் போகக் கூடாதா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. அதற்காகத்தான் மேலே இன்னொருவரை வைத்திருக்கிறார்கள். மின்குறை தீர்ப்பாளரை நியமிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பில் போடுகிற நிறுவனத்துக்குக் கீழே அவர் இல்லை. ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தைத்தான். கீழே நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன பதில் எழுதினார்கள், எந்த விதியைக் காட்டினார்கள் என்பதை வைத்துத்தான் அவர் எடைபோட முடியும். அவர்களே தலைவராக இருக்கிற மன்றத்தில் அலுவலகம் எழுத்தில் கொடுக்கிற பதில் உங்களுக்குப் பிற்பாடு பெரிய ஆயுதம். அதில் கையெழுத்துப் போட்டபின் மேலே வந்து மாற்றிப் பேச முடியாது.

அலுவலகம் பதிலே தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் இணைப்பின் கணக்கெடுப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் தர வேண்டும். மின்குறை தீர்ப்பாளரின் பழைய ஆணைகளை அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் குறை மாதிரியே யாருக்கோ வந்திருக்கும். படித்துப் பார்த்தால் எந்த விதியை எடுத்துக் காட்டுவது என்று தெரிந்துவிடும். தீர்ப்பாளர் முன்னால் நீங்களே உங்கள் தரப்பைப் பேசலாம்.

நான் இதில் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. என் ஆத்தாவுக்கு வர வேண்டிய ஓர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை அலைந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு முறையும் மனுவைக் கையில் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு நகலிலும் முத்திரை வாங்கவில்லை. எட்டாவது முறை புதிதாக வந்திருந்த அதிகாரி “உங்க அம்மா பேர்ல மனுவே வரலையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பதிவேட்டில் இல்லை. அந்தப் பணம் வருவதற்குள் ஆத்தா போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்த வழியில் முடிவு செய்ததுதான் இந்த மேசை.

இது இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுதிக் கல்யாணம் செய்கிற மண். மொய்ப்பண ஏடு எழுதி, சீர் சாமானில் கரண்டி முதல் அண்டா வரை சிட்டை போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கண்டிப்பை அரசு அலுவலக வாசலிலும் காட்டலாமே. முத்திரை கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

கேள்வி: எங்கள் பெரிய வீட்டை வெளிநாட்டு விருந்தினர் தங்குவதற்கு விடுகிறோம். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடக்கிறது என்று ஆய்வு செய்து பெரிய தொகை போட்டு ஆணை வந்திருக்கிறது. குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். இருபது நாள் ஆகிவிட்டது. (ஆத்தங்குடிப் பக்கம்)

பதில்: தயவுசெய்து இன்றைக்கே ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் 126ஆவது பிரிவு என்று இருந்தால், இது மன்றமோ மின்குறை தீர்ப்பாளரோ கேட்கிற விஷயம் இல்லை. அனுமதி இல்லாத வகையில் மின்சாரம் பயன்படுத்தியதாகப் போட்ட மதிப்பீடு அது. அதற்கு 127ஆவது பிரிவில் தனி மேல்முறையீடு. இறுதி ஆணையிலிருந்து முப்பது நாளைக்குள் போட வேண்டும், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். உங்களுக்கு மிஞ்சிப்போனால் பத்து நாள்தான் மிச்சம். மன்றத்தின் பதிலுக்குக் காத்திருந்தால் கெடு போய்விடும். நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் நாளையே காட்டுங்கள். விருந்தினரை வைக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் இணைப்பை உரிய வகைக்கு இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். போனில் பணம் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, எதிராளிக்குப் போகவில்லை. வங்கியில் நாலு முறை கேட்டும் “வந்திரும்” என்றே சொல்கிறார்கள். இதற்கும் கிண்டிக்குத்தான் எழுத வேண்டுமா? (குன்றக்குடி)

பதில்: இல்லை தம்பி. வங்கிக்கு வேறு ஆள். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் என்று கொண்டுவந்து, எல்லா வங்கிப் புகாரையும் ஒரே இடத்தில் வாங்க ஆரம்பித்தது. எந்த ஊர்க் கிளையாக இருந்தாலும் தபாலில் அனுப்பும் புகார் சண்டிகரில் செக்டர் 17இல் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகும். இணையத்திலும் பதியலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

இங்கேயும் முதல் வாசலைத் தாண்டாமல் போக முடியாது. நாலு முறை வாயால் கேட்டது கணக்கில் வராது. வங்கிக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, போனில் வந்த பரிவர்த்தனை எண் நாலும் இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக்கு அனுப்புங்கள். ஒன்று மறந்துவிடாதீர்கள். போனில் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் ஒரு கடையில் கொடுத்து அச்செடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஊருணிக்கு மழைத்தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைந்து கிடக்கிறது. போன வருடம் தூர்வாரியதாகப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். மண்வெட்டி பட்ட தடமே இல்லை. யாரிடம் போவது? (ஓர் இளைஞர் குழு)

பதில்: இதில் இரண்டு குறை இருக்கிறது, இரண்டையும் கலக்காதீர்கள். கால் அடைந்து கிடப்பது வேலை நடக்காத குறை. அதற்கு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு, 1100 எண்ணில் முதல்வரின் உதவி மையம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவைப் பதிந்து எண் கொடுப்பார்கள், பத்திரமாக வையுங்கள். மழைக்கு முன்னால் கால் திறக்க வேண்டும் என்றால் இந்த வழிதான் வேகம்.

வேலை செய்யாமல் பணம் எடுத்தார்கள் என்பது முறைகேடு. உள்ளாட்சி அமைப்புகளின் ஊழல், முறைகேட்டுப் புகார்களுக்காகவே 2014இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றி, உள்ளாட்சி முறைமன்ற நடுவம் அமைத்திருக்கிறார்கள். இவரும் ஒரு ஆம்புட்ஸ்மேன்தான், பெயர்தான் வேறு. ஆனால் ‘பேசிக்கொள்கிறார்கள்’ என்பதை வைத்து அவருக்கு எழுதக் கூடாது. அது ஒரு மனிதரின் மானம் சம்பந்தப்பட்டது. முதலில் தகவல் உரிமையில் கேளுங்கள்: அந்த வரத்துக்காலுக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் பெற்றவர் யார். பதில் வந்ததும் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலோரமாக நடந்து பாருங்கள். எத்தனை மீட்டர் வெட்டியதாக எழுதியிருக்கிறதோ அத்தனை மீட்டரையும் டேப் பிடித்து அளந்து, அந்தந்த இடத்தில் படம் எடுங்கள். எடுத்த தேதி படத்தில் தெரிய வேண்டும். கருவேலம் எவ்வளவு தடிமனில் நிற்கிறது என்பதையும் படத்தில் காட்டுங்கள். போன வருடம் வெட்டிய காலில் கை மொத்தத்துக்குக் கருவேலம் நிற்காது.

கேள்வி: ஐயா, எனக்கு எழுதப் படிக்க வராது. இதெல்லாம் எங்களை மாதிரி ஆளுக்கு ஆகுமா? (பேத்தி கைப்பட எழுதியது, திருப்பத்தூர்ப் பக்கம்)

பதில்: ஆகும்மா. பேத்தி எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். தாளின் மேலே தேதி, யாருக்கு, யாரிடமிருந்து. நடுவில் என்ன நடந்தது, என்ன வேண்டும். கீழே உங்கள் கைநாட்டு. அதற்குப் பக்கத்தில் “இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை” என்று எழுதி, பேத்தி சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

தபாலில் அனுப்புவதானால் விரைவுத் தபால். 2025இல் பதிவுத் தபாலையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். பெற்றுக்கொண்டதற்குச் சான்று வேண்டும் என்று கவுன்டரிலேயே கேளுங்கள். அவர்கள் தருகிற ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே ஒரு நகல் எடுத்து, மனு நகலோடு சேர்த்துத் தைத்து, ரேஷன் அட்டை வைத்திருக்கிற பையில் வையுங்கள்.